ஆசீர்வாதம் கிடைக்காத நான்கு பையன்கள்

ஒரு துறவியின் மேல் எனக்குக் கோபம். அவர் இறந்து ஆயிரத்து நானூறு வருஷங்கள் ஆகிவிட்டன. அயர்லாந்தில் பிறந்து, பிரான்ஸில் காடு வெட்டி மடங்கள் கட்டி, அங்கிருந்து துரத்தப்பட்டு, இத்தாலியில் ஒரு மலை மடத்தில் அதிபராக இருந்து மண்ணுக்குள் போனவர். நான் பிறந்து வளர்ந்தது பம்பாயில், தாராவியில். எங்கள் இருவருக்கும் ஒரு சம்பந்தமும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அறுபதுகளின் நடுவில், என் பத்தொன்பதாவது வயதில், ஏழு மாதங்கள் அந்த மனிதரைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேன்.

மெட்ரிக் முடித்திருந்தேன். மாட்டுங்காவில் டைப்பிங் படித்து லோயர், ஹையர் இரண்டும் தேறியிருந்தேன். போகிற ஆபீஸ் எல்லாவற்றிலும் முன் அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று ஒருவரிடம் கேட்டுவிட்டு, அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டேன். அப்போது எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து கன்னியாஸ்திரீ ஒருவர், செம்பூரில் ஒரு ஃபாதர் இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுத ஆள் தேடுகிறார் என்று சொல்லியனுப்பினார்.

சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினால் எண்ணெய் ஆலைகளின் வாடை மூக்கில் ஏறும். கோயிலுக்குப் பின்னால் ஒரு நீளமான அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வெயிலில் வெந்து சிவந்த முகம், மடக்க முடியாத முழங்கால்கள். அவரும் அயர்லாந்துக்காரர். முப்பது வருஷமாக ஊருக்குப் போகவில்லை. தாராவியில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அவரே பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அங்கே வருவார். பம்பாய் இந்தி நன்றாகப் பேசுவார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

"உங்கள் ஜனங்கள் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படுகிறார்கள். அவர்களுக்கு இந்த மனிதரின் கதை பிடிக்கும்" என்றார் இங்கிலீஷில். பழுப்பு அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நான் இந்து என்று சொன்னேன். "எனக்கு வேண்டியது தமிழ்" என்றார்.

அந்தப் பதில் பிடித்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் போவேன். புரியாத இடங்களை அவர் விளக்குவார். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவேன். எழுதியதைத் தாராவி உபதேசியார் பார்த்துச் சரிசெய்வார். பூசைக்கு முன்னால் ஜனங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். பகலில் தோல் கிடங்கில் வேலை. சாமி வார்த்தைகள் எனக்குத் தெரியாது என்பதால் அந்த ஏற்பாடு.

அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருக்க, அன்றன்று எழுதியதை அவளுக்குச் சொல்வேன். அந்தத் துறவி வயிற்றில் இருந்தபோது அவருடைய அம்மாவுக்கு, தன் மடியிலிருந்து சூரியன் எழுந்து போவதுபோல் கனவு வந்ததாம். பையன் அழகாக வளர்ந்தான். பெண்கள் சுற்றினார்கள். தனியாகக் குடிசையில் தவம் இருந்த ஒரு பெண்ணிடம் போய் என்ன செய்வதென்று கேட்டான். ஊரைவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே என்று அவள் சொன்னாள். புறப்பட்டுவிட்டான். அம்மா அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். அவன் அவளைத் தாண்டிக் குதித்து, இனி இந்த ஜன்மத்தில் என்னைப் பார்க்கமாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "தாண்டிட்டானா? பெத்தவளையா?"

"ஆமா."

"திரும்பத் தாண்டலயா?"

படுத்திருக்கிறவரைத் தாண்டினால், வந்த வழியே திரும்பத் தாண்டிவிட வேண்டும். எங்கள் பத்தடி அறையில் தம்பியும் நானும் அதை ஒரு நாளைக்கு நாலு தடவை செய்வோம். அயர்லாந்தில் அது இல்லை போலிருக்கிறது.

"அவ பொறவு எந்திச்சாளா?"

"புத்தகத்துல இல்லம்மா."

"என்ன பொஸ்தகம் அது" என்று அம்மா மறுபடி பிழியத் தொடங்கினாள்.

எனக்கு அப்போது அவர் மேல் கோபம் இல்லை. சொல்லப்போனால் பிடித்திருந்தது. பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கடல் தாண்டினார். பிரான்ஸில் இடிந்த கோட்டை ஒன்றில் தங்கி, மரப்பட்டையையும் புல்லையும் தின்று மடம் கட்டினார். ஒரு குகையில் இருந்த கரடியை, இது எனக்கு வேண்டும், நீ போ என்று சொல்லி வெளியேற்றினார். மடத்தில் அவர் வைத்த சட்டங்களைப் படித்துச் சிரித்தேன். ஜெபம் தொடங்கும்போது இருமினால் ஆறு அடி. தாராவியில் தோல் ஊறவைக்கும் தொட்டிகளின் காற்றைச் சுவாசிக்கிற நாங்கள் அந்த மடத்தில் இருந்தால் ஒரே நாளில் முதுகு கிழிந்திருக்கும். ஆனால் அந்த ஆள் பெரியவர்கள் யாருக்கும் பயப்படவில்லை. ஈஸ்டர் எந்த நாளில் வருகிறது என்பதில் அந்த நாட்டு ஆயர்கள் எல்லோரோடும் சண்டை போட்டார். போப்பாண்டவருக்கே காரமாகக் கடிதம் எழுதினார். வாயை மூடத் தெரியாதவர். நான் வாயை மூடியே வளர்ந்தவள். அதனால் பிடித்தது.

ஏன் வாயை மூடி வளர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவுக்கு மாட்டுங்காவில் கடை. அப்பளம், வடகம், ஊறுகாய், காப்பிப்பொடி, வாழையிலை. கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் வீடு. அங்கே, ஊரில் தாலி கட்டிய மனைவியும் மூன்று மகன்களும் இருந்தார்கள். தாராவியில் ஒற்றை அறையில் அம்மாவும் நானும், என்னைவிட ஆறு வயது இளைய தம்பியும். அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு உண்டு. அதைக் கட்டியபோது சாட்சி யாரும் இல்லை. கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு மத்தியானம் அப்பா வருவார், சாப்பிடுவார், ஒரு மணி நேரம் தூங்குவார், போவார். அன்றைக்கு மட்டும் அவர் எங்களுக்கு அப்பா. அம்மா சுட்ட முறுக்கை டின்னில் எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போகும் நாட்களில் அவர் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, டின் கொண்டாந்திருக்கேன்."

"அங்ஙன வையி."

இவ்வளவுதான். கல்லாவில் மூத்த மகன் இருப்பார். முப்பது வயதிருக்கும். அவருக்கு எல்லாம் தெரியும். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பம்பாயில் பிறந்து வளர்ந்து, செம்பூரில் போய் "ஃபாதர்" என்று ஒரு வெள்ளைக்காரரைச் சத்தமாகக் கூப்பிட்ட எனக்கு, மாட்டுங்காவில் என்னைப் பெற்றவரை அப்படிக் கூப்பிட வழியில்லை.

ஐந்தாம் மாதம் அந்த அத்தியாயம் வந்தது. அந்த நாட்டு ராஜா இளைஞன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரண்மனையில் இருந்த பெண்களிடம் அவனுக்கு நான்கு மகன்கள். முறையாகக் கல்யாணம் செய்துகொள் என்று துறவி ஓயாமல் கண்டித்தார். ராஜாவின் பாட்டிக்கு அது பிடிக்கவில்லை; புதிதாக ஒரு ராணி வந்தால் தன் அதிகாரம் போய்விடும் என்று பயம். ஒரு நாள் துறவி அரண்மனைக்கு வந்தபோது, கிழ ராணி அந்த நான்கு பையன்களையும் அழைத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினாள். ராஜாவின் பிள்ளைகள், ஆசீர்வாதம் செய்யுங்கள் என்றாள். துறவி மறுத்தார். இவர்கள் ஒருபோதும் செங்கோலைப் பிடிக்கமாட்டார்கள், ஏனென்றால் இவர்கள் பிறந்த வழி அப்படி என்றார். எந்த வழி என்று சொல்ல ஒரு வார்த்தையும் சொன்னார். வெளியே போக அவர் வாசற்படியில் கால் வைத்தபோது இடி இடித்து அரண்மனையே நடுங்கியது. என்ன தைரியம், என்ன நேர்மை என்று அந்தச் சின்னப் புத்தகம் அரைப் பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தது.

அந்த ஆங்கில வார்த்தைக்குத் தமிழில் என்னவென்று ஃபாதரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் சந்தின் குழாயடியில், குடம் வைப்பதில் சண்டை வந்தபோதெல்லாம், அம்மாவின் மேல் அந்த வார்த்தை வந்து விழுந்திருக்கிறது. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

பேனாவை மூடிவைத்தேன். மறுநாள் செம்பூருக்குப் போய், "இந்தப் பக்கத்தை எழுதமாட்டேன்" என்றேன்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "புரியவில்லையா?"

"நன்றாகப் புரிகிறது. அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள்?"

"அவர் கண்டித்தது பையன்களை இல்லை. ராஜாவை."

"ராஜா அங்கே நிற்கவில்லை, ஃபாதர். நின்றது பையன்கள். அவர் சொன்னதைக் காதால் கேட்டது பையன்கள்."

"ஒரு ராஜாவை எதிர்த்து நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசி. அந்தப் பிள்ளைகளை ஆசீர்வதித்தால் அந்த வாழ்க்கையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்."

"பெரிய சண்டை போடுகிறவர், தன் உயரத்தில் இருப்பவரோடு போட வேண்டும். அந்தக் கடைசிப் பையனுக்கு என்ன வயது இருக்கும்? இவர் இடுப்பு உயரம் இருப்பானா?"

"நீ ஏன் இவ்வளவு கோபப்படுகிறாய்?"

நான் சொல்லவில்லை. மூடியே வளர்ந்த வாய் அது. "புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுது. நல்ல பாதி, கெட்ட பாதி என்று பிரித்து எழுத உனக்கு அதிகாரம் இல்லை" என்றார் அவர். குரல் உயரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நோட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் போகவில்லை. உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக் கதை அவருக்கும் தெரியும். தாராவியில் யாருக்குத் தெரியாது? "எழுதிட்டுப் போ பிள்ள. எழுதுனா ஒன்னயச் சொன்னதா ஆகிப்போயிருமா? எல்லாம் செத்துப்போனவுக கதைதான" என்றார். நான் தலையாட்டினேன். போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கடையில் பொட்டலம் கட்டுகிற ஆள் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, "அண்ணாச்சி தவறிட்டாவ. நெஞ்சுவலி" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியக்கூடாது.

அம்மா உடனே அழவில்லை. டின்னைத் திறந்து ஒரு பிடி பச்சரிசி எடுத்து, தம்பியின் கைக்குட்டையில் முடிந்தாள்.

"நான் வரக்கூடாது. நீங்க ரெண்டுபேரும் பெத்த பிள்ளைய. ஒரு வாய் அரிசி போட்டுட்டு வந்துருங்க. யார்கிட்டயும் ஒண்ணும் பேசாதீய."

வாய்க்கரிசி. இறந்தவரின் வாயில் பிள்ளைகள் இடுகிற கடைசிச் சோறு. தம்பி அந்த முடிச்சைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு நடந்தான். தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

கட்டடத்தின் கீழே மூங்கில் வந்து இறங்கியிருந்தது. மாட்டுங்காத் தமிழர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். மேலே பெண்கள் அழுகிற சத்தம். படிக்கட்டில் மூத்த மகன் நின்றிருந்தார். இடுப்பில் துண்டு, காலைக் கட்டிக்கொண்டு அவருடைய மூன்று வயதுப் பையன். நாங்கள் இரண்டு படி ஏறியதும் கையை நீட்டி மறித்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கடைக்குச் சரக்குப் போடுறவங்க எல்லாம் கீழயே நில்லுங்க."

தம்பி முடிச்சை எடுத்துக் காட்டினான். "அப்பாவுக்கு அரிசி போடணும். போட்டுட்டுப் போயிருதோம்."

"யாருக்கு யாரு அப்பா?" அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார். "இத்தனை பேர் முன்னாடி தமாஷா பண்ணாத. சலோ, நிக்லோ."

"ஒரு நிமிஷம்" என்றான் தம்பி. "ஒரே ஒரு நிமிஷம்." அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

"சொன்னா கேக்கமாட்டியா? எந்த வழியில வந்தியோ அந்த வழியில போ."

வழி. அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. தம்பி கையிலிருந்து முடிச்சைப் பிடுங்கினேன். பிரித்தேன். ஒரு பிடி அரிசியையும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எறிந்தேன். "அப்போ ஒனக்கே போடுதேன், வாங்கிக்கோ" என்று கத்தினேன். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு வாய்க்கரிசி போடுவதைவிடப் பெரிய சாபம் எங்கள் பாஷையில் கிடையாது. தெரிந்தேதான் எறிந்தேன்.

அரிசி அவர் நெஞ்சில் பட்டுச் சிதறியது. பாதி கீழே நின்ற குழந்தையின் தலையில் விழுந்தது. குழந்தை அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். தோளில் கிடந்த அரிசியில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மேலேயிருந்து பார்த்த பெண்கள் அலறினார்கள். யாரோ ஓடி வந்து குழந்தையின் வாயில் விரலை விட்டுத் தோண்டினார்கள். குழந்தை வீறிட்டு அழுதான். மூத்தவர் என்னை அடிக்கவில்லை. வெளுத்துப்போன முகத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் எங்களைத் தோளைப் பிடித்துத் தெருவில் கொண்டுவந்து விட்டார்கள்.

தம்பி எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் நின்றான்.

"எனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்லா?" என்றான். "சுடுகாட்டு வாசல்லயாவது போட்டிருப்பேன்."

அதைச் சொல்லிவிட்டு, என்னை விட்டுவிட்டுத் தனியாகச் சயான் சுடுகாட்டுக்குப் போனான். கேட்டுக்கு வெளியே வெறுங்கையோடு நின்று, புகை வரும்வரை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். நான் செய்ததை அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. நானே சொன்னேன். அம்மா என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள்.

மூத்தவர் மேல் இருந்த கோபம் எனக்குத் தீரவில்லை. இன்றைக்கும் இல்லை. அந்த வார்த்தைக்கு அந்த அரிசி தகும். ஆனால் ராத்திரி பகலாக என் கண்ணில் நின்றது அவர் முகம் இல்லை. அரிசியைச் சப்பிய அந்தக் குழந்தையின் வாய். அந்தத் துறவிக்கு அரண்மனையில் கிழ ராணி மட்டும்தான் தெரிந்திருக்கிறாள். எனக்குப் படிக்கட்டில் மூத்தவர் மட்டும்தான் தெரிந்தார். நானும் அந்தத் துறவியைப் போலத்தானா என்று நினைக்க நினைக்க, அவர் மேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

பதினாறாம் நாள் காரியம் எங்களுக்குக் கிடையாது. பதினேழாம் நாள் செம்பூருக்குப் போனேன். நோட்டு மேஜையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அந்தப் பையன்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று?" என்றேன்.

"புத்தகத்தில் இல்லை."

"அது எனக்குத் தெரியும். என்ன ஆயிற்று?"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்றை இறக்கினார். வெகு நேரம் புரட்டினார். பிறகு, முகத்தைத் தூக்காமல் படித்துச் சொன்னார். ராஜா வியாதியில் இறந்தான். பக்கத்து நாட்டு ராஜா படையோடு வந்தான். கிழ ராணியைக் குதிரையில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். நான்கு பையன்களில் இரண்டு பேர் வெட்டப்பட்டார்கள். ஒருவன் தப்பி ஓடினான். என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. ஒருவனை மட்டும், ஞானஸ்நானத்தில் தான் கையில் ஏந்திய பிள்ளை என்பதற்காக அந்த ராஜா உயிரோடு விட்டான்.

"அவர் சொன்னது பலித்தது" என்றார் ஃபாதர். சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இதையும் எழுதுவேன்."

"இது அவருடைய வரலாறு. பையன்களுடையது இல்லை. எழுதாதே."

மிச்ச அத்தியாயங்களை மூன்று வாரத்தில் முடித்தேன். ராஜா நாட்டைவிட்டுத் துரத்தச் சொன்னதால் துறவியைப் படைவீரர்கள் கடற்கரைக்குக் கொண்டுபோய் அயர்லாந்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். கப்பலை அலை திருப்பிக் கரையில் போட்டது. அவர் மலைகளைத் தாண்டிப் போனார். வழியில் நெடுநாள் சீடர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். உனக்கு நோயில்லை, நடக்கச் சோம்பல் என்று சொல்லி, நான் உயிரோடு இருக்கும்வரை நீ பூசை வைக்கக்கூடாது என்று தடை போட்டுவிட்டுப் போனார். இத்தாலியில் கடைசி மடத்தைக் கட்டினார். சாகும்போது தன் கைத்தடியை அந்தச் சீடருக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார்; மன்னித்ததற்கு அடையாளம். அதை எழுதும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா முள் வளைந்தது. காய்ச்சல்காரனுக்கு மன்னிப்பு எதற்கு? அப்படியே ஒரு தடி அனுப்புகிற மனசு இருந்ததென்றால், அந்த நான்கு பையன்களின் ஞாபகம் வரவில்லையா?

பையன்களின் அத்தியாயத்தை, அந்த வார்த்தை உட்பட, இருந்தபடியே எழுதினேன். அதற்குக் கீழே, தடித்த புத்தகத்தில் இருந்ததை ஐந்து வரியில் சேர்த்தேன். அலங்காரம் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் வெட்டப்பட்டார்கள், ஒருவன் ஓடினான், ஒருவன் பிழைத்தான், நால்வரையும் யாரும் ஆசீர்வதித்ததாகத் தெரியவில்லை.

உபதேசியார் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார்.

"இது இங்கிலீஷ்ல இருக்கா பிள்ள?"

"பெரிய பொஸ்தகத்துல இருக்கு."

"சின்னதுல?"

"இல்ல."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஃபாதருக்கே தெரியும்" என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் அச்சாகி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக் கோயில் முற்றத்தில் உபதேசியார் ஒவ்வொரு அத்தியாயமாக வாசித்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த அத்தியாயம் வந்த நாளில் நானும் பின்னால் நின்றிருந்தேன். துறவியின் தைரியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "பச்சப்பிள்ளையள வெட்டிட்டானுவளே" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். பூசை முடிந்து ஃபாதர் வெளியே வந்தபோது நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சாமி, அந்தப் பிள்ளையளுக்கு ஒரு பூசை வைக்கணும். யாருமே வச்சிருக்க மாட்டாவ."

ஃபாதருக்குப் புரியவில்லை. எந்தப் பிள்ளைகள் என்று இந்தியில் கேட்டார். உபதேசியாருக்குச் சொல்லாமல் வழியில்லை. சொன்னார். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னை ஃபாதரின் கண் தேடிப் பிடித்தது.

மறுநாள் செம்பூரில் அவர் கத்தினார். முதல் தடவையாக. "நான் உன்னை நம்பினேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் செய்தாய்."

"ஆமாம். அவர் சொன்னதை அந்தப் பையன்கள் திருப்பிச் சொல்ல முடியாது என்ற தைரியத்தில்தான் அவரும் சொன்னார்."

"யார் நீ அவருக்குத் தீர்ப்புச் சொல்ல?"

"நானும் அந்த வழியில் வந்தவள்" என்றேன்.

சொல்லிவிட்டேன். மாட்டுங்கா, தாராவி, திங்கட்கிழமை, அண்ணாச்சி, அரிசி, குழந்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் பிரதிகளிலும் அந்த ஐந்து வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. என் கதையைக் கேட்ட பிறகும் ஃபாதர் ஒட்டியிருந்தார். பெண்கள் எச்சில் தொட்டு அதை உரித்துப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் உரித்து, படிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்தார்கள். கோயில் முற்றத்தில் கிழிந்த வெள்ளைத்தாள் துண்டுகள் கிடந்தன.

ஒரு மாதம் கழித்து ஃபாதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்தில் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, எங்கள் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா டீயும் முறுக்கும் கொடுத்தாள். உங்கள் மகள் நன்றாக எழுதுகிறாள் என்று இந்தியில் சொன்னார். அம்மாவுக்கு அரைகுறை இந்தி.

"மை தூஸ்ரி" என்றாள் அம்மா. நான் இரண்டாவது. வெட்கப்படவும் இல்லை, குரல் தாழ்த்தவும் இல்லை. தெரியாதவருக்கு விலாசம் சொல்வதுபோல் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, கொடுத்த முறுக்கு இரண்டையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

வழியனுப்ப நான் சந்து முனைவரை போனேன். அங்கே நின்று, என்னைப் பார்க்காமல் இங்கிலீஷில் சொன்னார்: "புதன்கிழமை காலையில் அந்த நான்கு பேருக்கும் ஒரு பூசை வைத்தேன். தனியாக. யாருக்கும் சொல்லவில்லை."

அவர் அதை எனக்குக் கொடுக்கிறார் என்று தெரிந்தது. வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"திட்டினது அரண்மனை நடுவில், ஃபாதர்" என்றேன். "ஆசீர்வாதம் மட்டும் யாருக்கும் தெரியாமலா?"

அவர் மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார். அதற்குப் பிறகு எனக்கு அவர் வேலை தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அவ்வளவாவது செஞ்சாருல்லா. பாவம், நல்ல மனுசன்" என்றாள்.

"நல்ல மனுசன்னா எல்லார் முன்னாலயும் செய்யணும்."

"எல்லார் முன்னாலயும் யாருட்டி செய்யுதா? ஒனக்கு எதுவுமே போதாது."

அவள் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. மாட்டுங்காக் கடையில் எங்கள் முறுக்கு நின்றுபோய் நாலைந்து மாதமாகியிருந்தது. மறுநாள் காலை நானும் தம்பியும் ஆளுக்கொரு டின்னைத் தூக்கிக்கொண்டு குர்லாவுக்குப் போய், ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த தமிழ்க் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். நாலாவது கடைக்காரர் ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்று கேட்டார்.

அப்பாவின் பேரை, கடையின் பேரோடு சேர்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.